விளம்பரத்தில் வந்த ராகிக் கொல்லை

பென்னாகரத்தில் இருக்கும் எங்கள் ஸ்டூடியோவுக்கு அவர் வந்தபோது நான் கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு கல்யாண ஆல்பத்துக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஏரியூர்ப் பக்கத்து விவசாயி. அவருடைய தம்பியின் கல்யாணத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும்தான் படம் எடுத்தோம். அதிலிருந்து பழக்கம். எப்போது வந்தாலும் வீட்டு நலம் விசாரித்துவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொல்வார். அன்று எதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்து என் பக்கம் திருப்பினார்.

"இது எங்க கொல்லதானம்மா?"

பார்த்தேன். வீட்டுமனை விளம்பரம். 'காவிரி பார்த்த மனைகள். முன்பதிவு நடைபெறுகிறது' என்று மஞ்சள் எழுத்தில் எழுதி, கீழே ஒரு போன் நம்பர். எழுத்துக்குப் பின்னால் பனிமூட்டத்தில் ஒரு ராகிக் கொல்லை, அதன் ஓரத்தில் ஒற்றைப் புளியமரம், அதற்கும் அப்பால் வெள்ளித் தகடுபோலத் தண்ணீர். அது அவர் நிலம்தான். இன்னொன்றும் தெரிந்தது. அது நான் எடுத்த படம்.

"ஆமாங்கண்ணா. ஆனா இத எப்படி..."

"எப்படின்னு நான் கேக்க வந்திருக்கேன். நீ என்னயவே கேக்கற."

அவர் தொடர்ந்தார்.

"எந்தம்பி பொங்கலுக்கு வந்தப்ப பங்கப் பிரிச்சுக் குடு, விக்கணும்னான். முடியாதுன்னுட்டேன். இப்ப பாரு, போர்டே போட்டுட்டானுங்க. அவன் வித்திருக்கான், நீ படம் புடிச்சிக் குடுத்திருக்க. உன் ஊட்டுக்காரரு இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான பறக்கற கேமராவுல எடுத்துக் குடுக்கறாரு?"

கடைசியில் சொன்னது உண்மை. கல்யாணம் இல்லாத மாதங்களில் மனை விற்பவர்களுக்கு டிரோன் வீடியோ எடுத்துக் கொடுப்பதில்தான் எங்கள் கடை ஓடியது. ஆனால் இந்த விளம்பரக்காரர்கள் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அதைச் சொன்னேன். என் காதுக்கே அது பொய்போலக் கேட்டது.

"தம்பிய வரச் சொல்லியிருக்கேன். ஓசூர்ல இருந்து கெளம்பிட்டான். இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்" என்று சொல்லி போனை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவருடைய வண்டி முடுக்கிய வேகத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்தப் படம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

கல்யாணமாகி வந்த பிறகு வீட்டுக்காரரிடம் கேமரா பிடிக்கக் கற்றவள் நான். மணமேடை, மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, வரிசையாக நின்று சிரிக்கும் உறவினர்கள். எல்லாமே ஆட்கள், எல்லாமே விளக்கு வெளிச்சம். பெருந்தொற்றுக் காலத்தில் கல்யாணங்கள் நின்று கடைக்குப் பூட்டு விழுந்தபோது வீட்டில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். எங்கோ குளிர்நாட்டில் ஒருவர் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு மலைக்கு முன்னால் மணிக்கணக்கில் காத்திருப்பார். அவர் பேசும் இங்கிலீஷ் பாதிதான் புரியும். ஆனால் கல்லை முன்னால் வைத்து மலையைப் பின்னால் வைப்பது எதற்கு, மேகம் விலகும்வரை ஏன் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் கண்ணால் பார்த்தே புரிந்தது. புரியாத இடத்தை நிறுத்தி நிறுத்தித் திரும்பப் போடுவேன். "மணிக்கணக்கா ஒரு பாறையப் பாத்துக்கிட்டு ஒரு ஆளு உக்காந்திருக்கான், அவனப் பாத்துக்கிட்டு நீ உக்காந்திருக்க" என்பார் என் வீட்டுக்காரர்.

பிறகு தமிழிலேயே ஒரு இணையக் குழு கிடைத்தது. இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் படத்தைப் போட்டு ஒருவர் மற்றவர் படத்தில் குறை சொல்லும் இடம். முகத்துக்கு நேராகத் திட்டுவதுபோலத்தான் எழுதுவார்கள். நான் முதலில் போட்ட படத்துக்கு மதுரையிலிருந்து ஒரு பெண் எழுதினார்: 'அழகான இடம். ஆனால் நான் எங்கே பார்ப்பது? கண் அலைந்துவிட்டு வெளியே போய்விடுகிறது.' அவர் வக்கீல். ஓய்வு நேரத்தில் படம் எடுப்பவர். அன்று முழுக்க எனக்கு அவர்மேல் கோபம். மறுநாள் அந்தப் படத்தை மறுபடி பார்த்தபோது என் கண்ணும் வெளியே போய்விட்டது.

அங்கே கற்றதில் ஒன்று, பெரிய நிலத்தில் ஒரு சிறிய மனிதரை நிற்க வைத்தால்தான் நிலத்தின் விரிவு தெரியும் என்பது. மார்கழியில் ஏரியூர்ப் பக்கம் போனபோது அது நினைவில் இருந்தது. அந்த விவசாயி அண்ணனின் நிலத்துக்கு மேலே ஒரு பாறை. அதில் ஏறினால் ராகிக் கொல்லை, புளியமரம், மேட்டூர் அணையின் தேங்கிய தண்ணீர் எல்லாம் ஒரே பார்வையில் விழும். விடிவதற்கு முன்னாலேயே அவருடைய மனைவியான அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் ஏறினேன். பனி கலையும் நேரத்தில் அண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கதிர் பார்க்கக் கொல்லைக்குள் இறங்கினார். புளியமரத்தை நெருங்கும்வரை காத்திருந்து எடுத்தேன். அவருக்கும் அனுப்பினேன். "நம்ம கொல்லயா இது?" என்று ஊரில் எல்லாருக்கும் காட்டினார்.

அதை இணையத்தில் போட்டபோது மதுரைக்கார அம்மா ஒரே வரி எழுதினார்: 'இப்போது கண் அந்த மனிதரிடம் போய் நிற்கிறது.' அந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

படத்தை வைத்துத் தொழில் செய்வது எப்படி என்றும் இணையத்தில் பாடங்கள் பார்த்தேன். சொந்தமாக ஒரு பக்கம் தொடங்கினேன். தர்மபுரியில் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டல்காரர்கள் சுவரில் மாட்ட என்னிடம் படங்கள் வாங்கினார்கள். வாங்கும்போது என்ன எழுதிக்கொள்ள வேண்டும், படத்தை விற்பது வேறு, படத்தைப் பயன்படுத்தும் உரிமையைக் கொடுப்பது வேறு என்பதெல்லாம் அந்தப் பாடங்களில்தான் தெரிந்துகொண்டேன். அதுவரைக்கும் எனக்கு அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

அன்று அண்ணன் கடையிலிருந்து போன பிறகு மறுபடி கணினி முன்னால் உட்கார்ந்தேன். இணையத்தில் ஒரு படத்தைக் கொடுத்தால் அதே படம் வேறெங்கே இருக்கிறது என்று தேடித் தரும் வசதி இருக்கிறது. அதில் என் படத்தைப் போட்டேன். மனை விற்பவர்களின் பக்கத்தில் இருந்தது. போன் திரைக்கு வால்பேப்பர் படம் கொடுக்கும் ஒரு தளத்திலும் இருந்தது. இரண்டிலும் படத்தின் ஓரத்தில் நான் போட்டிருந்த என் பெயர் வெட்டப்பட்டிருந்தது. விளம்பரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருந்தது. மஞ்சள் எழுத்து கொல்லையில் பாதியை மறைத்ததில் என்னவென்று பிடிபடவில்லை.

அந்த நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்தவர் முதலில் இனிமையாகப் பேசினார். மனை வாங்க வரவில்லை, கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், இந்தப் படம் என்னுடையது என்றதும் குரல் மாறியது.

"நெட்ல கெடந்துச்சு, எடுத்தோம். அதுல என்ன?"

"அது எங்கிட்ட கேக்காம எடுக்கக் கூடாதுங்க. அதுல இருக்கறது ஒருத்தரோட நெலம். அத விக்கறீங்களா நீங்க? உங்க சைட்டு எந்த ஊர்ல இருக்குது?"

"வாங்கறவங்ககிட்டத்தான் அதெல்லாம் சொல்லுவோம். கல்யாணத்துல படம் எடுக்கற பொம்பளைக்கு எங்க சைட்டு எதுக்கு?"

வைத்துவிட்டார். நான் மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

இணையக் குழுவில் நடந்ததை எழுதினேன். அவசரத்தில் எழுத்துப் பிழையோடுதான் எழுதினேன். யார் யாரோ ஆறுதல் சொன்னார்கள். எனக்கும் இப்படி நடந்தது என்றார்கள். விளம்பரத்துக்குக் கீழே போய் எல்லாருமாகத் திட்டுவோம் என்றார் ஒருவர். அதற்குள் மதுரைக்கார அம்மா நேரடியாகவே அழைத்துவிட்டார். அதுவரை நான் அவர் குரலைக் கேட்டதில்லை.

"அழாம சொல்றதக் கேளுங்க" என்றார். "மொதல்ல அவங்க பக்கத்த முகவரியோட சேத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க, அவங்க அழிக்கறதுக்கு முன்னாடி. அவங்க போஸ்ட்ல போயி சண்ட போடாதீங்க. கேமராவுல இருந்து வந்த மூலப் படம் இருக்கில்ல? அதுல கை வைக்காதீங்க. அதுக்கு முன்ன பின்ன எடுத்த படங்களும் வேணும். திருடுனவன்கிட்ட ஒத்தப் படம்தான் இருக்கும். எடுத்தவங்ககிட்டதான் வரிசையா இருக்கும். வக்கீல் நோட்டீஸ் நான் எழுதித் தரேன்."

"நோட்டீஸ் அப்பறங்க. இங்க அண்ணனும் தம்பியும் இன்னிக்கே..."

"அதுக்கு எங்கிட்ட வழியில்லம்மா" என்றார். "நீங்கதான் போகணும்."

வீட்டுக்காரர் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு லைட் இறக்கிவிட்டு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"பங்காளிச் சண்டையில நாம எதுக்குத் தல குடுக்கணும்? நோட்டீசு கீட்டீசுன்னு போனா இந்த மனைக்காரனுங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்குவானுங்க. நாளைக்கி எவன் நம்மள டிரோனுக்குக் கூப்புடுவான்?"

"எம்படத்தக் காட்டிதான அவங்க அடிச்சிக்கறாங்க?"

"நீயா போட்ட? திருடிப் போட்டான். அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

அப்போது என் போன் அடித்தது. அந்த அக்கா. அவருடைய குரல் தாழ்ந்திருந்தது, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல.

"கண்ணு, இவரு மோட்டார் ரூம பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கிட்டாரு. தம்பி கீழ்க்கொல்லயில தக்காளி போட்டிருக்குது, பூவும் பிஞ்சுமா நிக்குது. காலையில இருந்து சொட்டுத் தண்ணி உடல. அது வந்து பாத்தா என்ன ஆவும்னு தெரியல. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஒரு நட வந்துட்டுப் போ கண்ணு. உம்படந்தான்னு ஒரு வார்த்த நேர்ல சொல்லு."

பங்குனி வெயில். பூப்பிடித்த தக்காளிக்கு ஒரு நாள் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். நான் லேப்டாப்பைப் பையில் வைத்தேன். வீட்டுக்காரர் வண்டிச் சாவியை எடுத்தார். வழியில் ஒரு மேட்டில் வண்டியை மெதுவாக்கி, "யாராவது கைய ஓங்குனா நீ நடுவுல போவாத" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தம்பி எங்களுக்கு முன்பே வந்திருந்தார். கம்பெனிச் சட்டையோடு, ஷிப்ட்டிலிருந்து நேராக வந்தது தெரிந்தது. மோட்டார் அறைக் கதவுக்கு முன்னால் அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தம்பி அவருக்கு எதிரில். உறவுக்காரர்கள் நான்கைந்து பேர் வேப்பமர நிழலில் நின்றார்கள். யாரும் குறுக்கே போகவில்லை. கீழ்க்கொல்லையில் தக்காளிச் செடிகள் இலை சுருண்டு தொங்குவது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"சாவியக் குடுங்க" என்றார் தம்பி.

"எவனுக்கு வித்தியோ அவன வந்து கேக்கச் சொல்லு."

"நான் விக்கலன்னு போன்லயே நூறு தடவ சொல்லிட்டேன். இத்தன பேரு முன்னாடி என்னத் திருடன்னீங்க. அதயும் பொறுத்துக்கிட்டு நிக்கறேன். செடி என்ன பண்ணுச்சு? சாவியக் குடுங்க."

"குடுக்க மாட்டேன்."

தம்பி ஒரு அடி முன்னால் வைத்தார். அக்கா ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார். அண்ணன் நகரவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்ததைப் பார்த்தேன். அந்தக் கணத்தில் என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்த எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

"அண்ணா, படம் நான் எடுத்தது" என்று கத்திவிட்டேன். "நீங்க அன்னிக்கி கொல்லயில இருந்தீங்க. பாருங்க. ஒரு நிமிசம் பாருங்க, அப்பறம் என்ன வேணா பண்ணுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். மோட்டார் அறைத் திண்டின்மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். வெயிலில் திரை தெரியவில்லை. என் வீட்டுக்காரர் தோள் துண்டை எடுத்து இரண்டு கையாலும் மேலே கூரைபோலப் பிடித்தார். அண்ணன் வர மனமில்லாமல் வந்து குனிந்தார். தம்பி மறுபக்கம் வந்து நின்றார்.

மார்கழிப் படங்களை வரிசையாகத் தள்ளினேன். முதலில் இருட்டு. பிறகு பனி. ஒரு படத்தில் அக்கா காப்பி லோட்டாவோடு பாறை மேல் ஏறிவருகிறார், கேமராவைப் பார்த்ததும் முகத்தை மறைக்கிறார். பிறகு கொல்லையில் ஒரு சிறிய உருவம் இறங்குகிறது. அடுத்த படத்தில் வரப்பில். அடுத்ததில் புளியமரத்துக்குப் பக்கத்தில். அதில் நிறுத்திப் பெரிதாக்கினேன். தலையில் துண்டு, இடது கை ஒரு கதிரைப் பிடித்திருக்கிறது.

"இது நானு" என்றார் அவர்.

"நீங்கதாங்கண்ணா."

அவர் தன் போனை எடுத்து விளம்பரத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். விரலால் தேய்த்துப் பெரிதாக்கினார். கடையில் எனக்குப் பிடிபடாமல் போனது அப்போதுதான் எனக்கும் புரிந்தது. புளியமரம் இருந்தது, ராகி இருந்தது, அவர் நின்ற இடத்தில் வெறும் கதிர்கள் இருந்தன.

"இதுல என்னயக் காணமே?"

"அழிச்சிட்டாங்கண்ணா. கம்ப்யூட்டர்ல ஆள எடுத்துடலாம். காலி எடமாத் தெரியணும்ல, விக்கறதுக்கு."

அவர் நிமிர்ந்து கொல்லையைப் பார்த்தார். அறுவடை முடிந்து ராகித் தட்டைகூட இல்லாமல் கட்டாந்தரையாகக் கிடந்தது. உறவுக்காரர்களில் ஒருவர் கிட்டே வந்து இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு, "அட, ஆளயே தூக்கிட்டானுங்க" என்றார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார்.

"சரிம்மா. படம் உன்னுது. நீ குடுக்கல, அவன் திருடிட்டான். ஒத்துக்கறேன். ஆனா நெலத்த இவன் விக்கலன்னு உம் பொட்டி சொல்லுமா?"

எடுத்த நாளை, கேமராவை, வெளிச்சத்தை எல்லாம் அந்தப் பெட்டி சொல்லும். அவர் கேட்டதை அது சொல்லாது. மதுரையிலிருந்து அந்த அம்மா சொன்ன எதிலும் இதற்கு வழியில்லை. என் வீட்டுக்காரர் துண்டைக் கீழே இறக்கினார்.

தம்பிதான் பேசினார். அவர் குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "நம்பர் அதுல இருக்கில்ல? நான் பேசறேன். எல்லாரும் கேளுங்க."

"நான் கேட்டேங்க, சொல்ல மாட்டேன்னுட்டாங்க" என்றேன்.

"உங்ககிட்ட சொல்ல மாட்டான். வாங்கறவன்கிட்ட சொல்லித்தான ஆவணும்."

அவர் தன் போனில் நம்பரை அடித்து ஸ்பீக்கரில் போட்டுத் திண்டின்மேல் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சைட் ஏரியூரில்தான் என்று அந்த ஆள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பி விற்கவில்லை என்பது எனக்குமே தெரியாது. நான் நம்பியிருந்தேன், அவ்வளவுதான்.

"வணக்கம் சார், சொல்லுங்க" என்றது போன்.

"விளம்பரம் பாத்தேங்க. மன ஒண்ணு வேணும். சைட்டு எங்கீங்க?"

"சூப்பரான எடம் சார். நல்லம்பள்ளியில இருந்து பக்கம். ஹைவேஸ்ல இருந்து எறங்குனா சைட்டு. வண்டி அனுப்பறோம், வந்து பாருங்க."

"காவிரி தெரியும்னு போட்டிருக்குது? நல்லம்பள்ளியில ஏதுங்க காவிரி?"

போனில் ஒரு சிரிப்பு. "காவிரித் தண்ணி பைப்புல வருது சார். அந்தப் படம் சும்மா மாடலுக்குப் போட்டது."

"ஏரியூர்ப் பக்கம் உங்களுக்கு எதனா சைட்டு இருக்குதுங்களா?"

"ஏரியூரா? அங்கெல்லாம் யாரு சார் வாங்கறாங்க? நமக்கு அங்க ஒண்ணும் கெடையாது. நீங்க நல்லம்பள்ளிக்கு எப்ப வரீங்க?"

தம்பி போனை அணைத்துவிட்டார்.

அண்ணன் தரையைப் பார்த்தபடி நின்றார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டுத் துவாரத்தில் அது சட்டென்று நுழையவில்லை. இரண்டாவது முறை திறந்தார். உள்ளே போய்ச் சுவிட்சைத் தட்டினார். மோட்டார் உறுமியது. சற்று நேரத்தில் கீழ்க்கொல்லைக் குழாய்களில் காற்று சீறிப் பிறகு தண்ணீர் ஏறுவது கேட்டது.

வெளியே வந்து தம்பியைப் பார்த்து, "வந்து சாப்புடு. காலையில இருந்து பஸ்ஸுல..." என்று ஆரம்பித்தார்.

"எங்கேயோ எவனோ போட்ட படத்த நம்புனீங்க" என்றார் தம்பி. "கூடப் பொறந்தவன் சொன்னத நம்பல. பரவால்லீங்கண்ணா. இப்பவும் விக்கறதுக்கு நான் கேக்கல. ஆனா பிரிச்சிக் குடுத்துடுங்க. இனிமே சேந்து இருந்தா இன்னொரு நாளைக்கி இன்னொரு படம் வரும்."

அவர் கீழ்க்கொல்லைக்கு இறங்கிப் போய்விட்டார். செடி செடியாகக் குனிந்து பார்ப்பது தெரிந்தது. அண்ணன் அங்கேயே நின்றார். அக்கா எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். குடித்ததும் கிளம்பினோம்.

மதுரைக்கார அம்மா எழுதிக்கொடுத்த நோட்டீஸை அனுப்பினேன். வீட்டுக்காரர் தடுக்கவில்லை. ஆளை அழித்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று பிறகு சொன்னார். மனைக்காரர்கள் மன்னிப்பும் கேட்கவில்லை, பதிலும் போடவில்லை. படத்தை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பனி மூடிய மலையும் பைன் மரங்களுமாக எந்த நாட்டிலோ யாரோ எடுத்த படத்தைப் போட்டார்கள். நல்லம்பள்ளி வெயிலில் பனிமலை. அதைக் குழுவில் போட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மலைக்கு முன்னால் ஒருவர் எத்தனை நேரம் குளிரில் காத்திருந்தாரோ.

வீட்டுக்காரர் பயந்ததும் நடந்தது. டிரோன் வேலை குறைந்தது. கூப்பிடுவதாகச் சொன்னவர்கள் கூப்பிடவில்லை. அதைப் பற்றி வீட்டில் சண்டையும் வந்தது, பல தடவை. ஒருநாள் அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சுவரில் மாட்டும் படங்கள் விற்பது பற்றிய ஒரு பாடத்தை முழுக்கப் பார்த்தார். "இந்த ஆளு பேசறது ஒண்ணும் புரியல. சப்டைட்டில் போடு" என்றார். இப்போது ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படம் அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுக்கிறோம். கல்யாணம் அளவுக்கு வராது. ஆனால் வருமானம் நிற்கவில்லை.

யாருடைய நிலத்தில் ஏறினாலும் இப்போது உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கேமராவை எடுக்கிறேன். படம் இணையத்துக்குப் போகும், போனால் யார் கையில் போகும் என்று சொல்ல முடியாது என்பதையும் சொல்கிறேன். சிலர் வேண்டாம் என்றுவிடுகிறார்கள். இறங்கி வந்துவிடுகிறேன்.

ஆவணியில் அண்ணனும் தம்பியும் ஒன்றாகக் கடைக்கு வந்தார்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்துக்குப் பாஸ்போர்ட் அளவுப் படம் வேண்டும் என்றார்கள். இருவரையும் அடுத்தடுத்து ஸ்டூலில் உட்கார வைத்து எடுத்தேன். திரையில் இரண்டு முகங்களும் பக்கத்துப் பக்கத்தில் வந்தபோதுதான் மூக்கும் புருவமும் அப்படியே ஒன்றாக இருப்பதைக் கவனித்தேன். அண்ணன் எட்டிப் பார்த்து, "எனக்குத்தான் தல நெறைய நரச்சிருக்குது" என்றார்.

"உங்களுக்கு வயசாவுதுங்கல்ல" என்றார் தம்பி. சிரிக்கவில்லை, ஆனால் குரலில் முன்பிருந்த கடுப்பும் இல்லை.

அச்சு வரும்வரை அண்ணன் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். மேல்கொல்லை அவருக்கு, கீழ்க்கொல்லை தம்பிக்கு. கிணறும் மோட்டாரும் பொது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் முறை. தம்பி ஓசூரில் இருப்பதால் அவருடைய முறையிலும் அண்ணன்தான் போய் மோட்டாரைப் போட வேண்டும். "நான் போடாம வேற யாரு போடுவா?" என்றார், நான் ஏதோ கேட்டுவிட்டதுபோல. படங்களை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் ஏரியூர் பஸ்ஸுக்கும், தம்பி தர்மபுரி பஸ்ஸுக்கும்.

அன்று சாயங்காலம் இணையக் குழுவைத் திறந்தபோது என் பழைய பதிவுக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த யாரோ கேட்டிருந்தார்கள்: 'அந்தச் சகோதரர்கள் கடைசியில் என்ன ஆனார்கள்?' நீளமாக எழுதி அழித்தேன். மறுபடி எழுதினேன். 'நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். பேசிக்கொள்கிறார்கள்' என்று மட்டும் போட்டேன். மறுநாள் தீர்த்தமலையில் ஒரு காதுகுத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கொஞ்சம் முன்னாலேயே போனால் வெளிச்சம் விழும்போது மலையை எடுக்கலாம். அங்கே சூரியன் எப்போது உதிக்கும் என்று பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் சீக்கிரம் படுக்கச் சொன்னேன்.